பழகத் தொடங்கும்போது சாமியைப் பற்றிப் பேசுவது எப்படி

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சேலத்தில் யாராலும் தம் வீட்டு வழக்கத்தை மறைத்து வைக்க முடியாது. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் ஊரே பண்டிகைக்குத் தயாராகிவிடுகிறது; குகை என்ற பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கையைப் பார்க்கக் கூட்டம் திரள்கிறது; அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கையில் மஞ்சள் காப்போடு வந்து, மதியச் சாப்பாட்டில் கறியைத் தவிர்க்கிறார். அந்த மாதத்தில் ஒருவரோடு புதிதாகப் பழகத் தொடங்கியிருப்பவர், "உங்க வீட்டில ஆடிப் பண்டிகை எப்போங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாலே மதத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது என்று பொருள். "எங்க வீட்டில ஆடி கும்பிடறதில்லைங்க" என்று பதில் வந்ததும் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், அவசரமாகப் பேச்சைச் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டுக்கு மாற்றியவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருத்தி.

இந்த வழிகாட்டி, படிப்புக்கோ வேலைக்கோ சேலத்துக்கு வந்து இங்கே ஒருவரோடு பழகத் தொடங்கியிருப்பவர்களுக்காகவும், இங்கேயே பிறந்து வளர்ந்து முதன்முறையாக இந்த நிலையில் நிற்பவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. 'டேட்டிங்' என்ற சொல்லை நம் பக்கத்தில் வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு, "பேசிட்டிருக்கோம்" என்பார்கள். பெயர் வைக்கப்படாத அந்த ஓரிரு மாதங்களே இந்த உரையாடலுக்கு ஏற்ற காலம் என்பது என் அனுபவம். பெயர் வைத்த பிறகு ஒவ்வொரு பதிலின் மேலும் கல்யாணத்தின் கனம் ஏறிவிடுகிறது.

முதலில் உங்கள் பதிலைத் தெரிந்துகொள்ளுங்கள்

மற்றவரிடம் கேட்பதற்கு முன், உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகள் உண்டு. அவற்றில் "கடவுளை நம்புகிறேனா?" என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. நம் வீடுகளில் மதம் பெரும்பாலும் நாட்காட்டியிலும் அடுப்படியிலும்தான் இருக்கிறது. செவ்வாய், வெள்ளியில் கறி சாப்பிடுவீர்களா? புரட்டாசியில்? மாதவிலக்கு நாட்களில் பூசையறைப் பக்கம் போகாதிருப்பது உங்கள் விருப்பமா, அம்மாவின் விருப்பமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் போகாவிட்டால் மனம் உறுத்துகிறதா, அல்லது அப்பாவின் முகத்தைப் பார்க்கத்தான் அச்சமா? ஐந்து வேளைத் தொழுகையில் உண்மையில் எத்தனை வேளை தொழுகிறீர்கள்? ரமலானில் ஒரு நாள் நோன்பு விட்டுப்போனால் யாரிடம் அதை மறைப்பீர்கள்?

இவற்றுக்கான பதில்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தனியாக ஒரு வாடகை வீட்டில் இருந்தாலும் நீங்கள் விடாமல் செய்யக்கூடியவை ஒரு பக்கம், பெற்றோர் அருகில் இருப்பதால் மட்டுமே செய்பவை மறு பக்கம். ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்தால், முதல் பக்கம் நீங்கள் நினைத்ததைவிடச் சிறியதாகவோ, சிலருக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பெரியதாகவோ இருக்கும். எனக்கு அது பெரியதாக இருந்தது. கல்லூரியில் என்னை நானே பெரிய பகுத்தறிவாதி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள், தேர்வுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் சுகவனேஸ்வரர் கோயில் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன் என்பதை அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

எப்போது, எங்கே

முதல் சந்திப்பில் மேலோட்டமாக ஒரு வரி போதும்; மூன்றாவது, நான்காவது சந்திப்பில் சற்று ஆழமாகப் பேசலாம்; ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அது மறைத்ததற்குச் சமமாகிவிடும். இதைக் குறுஞ்செய்தியில் பேச வேண்டாம். எழுத்தில் தொனி தெரியாது என்பது ஒரு காரணம். அந்தச் செய்தியை நாளை யார் கைப்பேசியில் யார் படிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் சேலத்துக்காரர்களின் முதல் யோசனை ஏற்காடுதான். அதில் தவறில்லை, ஆனால் மலையேறும் பேருந்தில் இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேருக்கு வயிறு புரளும்; அந்த முகச்சுளிப்பு உங்கள் குலதெய்வத்துக்கா, பேருந்தின் குலுக்கலுக்கா என்று பிரித்தறிய முடியாது. மேலே போய், வார நாளின் காலை நேரத்தில், ஏரிக்கரையில் ஆட்கள் நடமாடும் ஓர் இருக்கையில் அமர்ந்து பேசுங்கள். சனி, ஞாயிறில் அங்கே சொந்தக்காரர்களில் ஒருவரையாவது சந்திக்க நேரிடும்.

'ஆட்கள் நடமாடும்' என்பதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2015 ஜூன் மாதம், ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் படித்த இளைஞர் ஒருவர், உடன் படித்த தோழியோடு திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குப் போன இடத்திலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் அந்த வழக்கில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த இருவரும் ஒரே மதத்தவர்கள், சாதிதான் வேறு. எங்கே போகிறீர்கள் என்பதை நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேட்பதற்கு முன் சொல்லுங்கள்

"நீங்கள் மதநம்பிக்கை உள்ளவரா?" என்று நேரடியாகக் கேட்டால், எதிரில் இருப்பவர் உங்களுக்குப் பிடித்திருக்கும் என்று தாம் ஊகிக்கும் பதிலைத்தான் சொல்வார். அது பொய் என்று சொல்ல முடியாது. பழகத் தொடங்கிய காலத்தில் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான் இருப்போம். ஆகவே, உங்கள் துண்டுத் தாளிலிருந்து ஒரு வழக்கத்தை முதலில் நீங்கள் சொல்லுங்கள். "நான் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடுவதில்லை, அம்மா பழக்கிவிட்டது, இப்போது எனக்கே அது பிடித்துப்போய்விட்டது" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால், மற்றவர் தம் வீட்டு வெள்ளிக்கிழமையைப் பற்றித் தாமாகவே சொல்வார். சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரையான தவக்காலத்தில் வீட்டில் என்ன சமைப்பார்கள், சபரிமலைக்கு மாலை போட்டால் அப்பா எங்கே படுப்பார், நோன்புக் கஞ்சி யார் வீட்டிலிருந்து வரும் என்று பேச்சு நகரும். அரை மணி நேரத்தில், எந்த வேத நூலையும் தொடாமல், அவர் வீட்டில் மதம் எந்த அளவுக்கு இறுக்கமானது என்பது விளங்கிவிடும்.

ஒரு கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: "உங்கள் குலதெய்வம் எது?" கேட்பவருக்கு அது பக்தியைப் பற்றிய கேள்வியாகத் தோன்றலாம், ஆனால் இந்த வட்டாரத்தில் குலதெய்வத்தின் பெயரும் அது இருக்கும் ஊரும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சாதியைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேச வேண்டும், அதுவும் மதத்தைவிட முன்னதாகவே பேச வேண்டியிருக்கலாம். ஆனால் அதை அதன் பெயரைச் சொல்லியே பேசுங்கள். சாமியின் பின்னால் ஒளிந்துகொண்டு விசாரிக்காதீர்கள்.

சைகைகளை அவசரமாகப் பொருள்கொள்வதும் ஆபத்து. நானும் இன்று என் வாழ்க்கைத் துணையாக இருப்பவரும் பழகத் தொடங்கிய புதிதில் ஒருமுறை ஏற்காட்டுக்குப் போனோம். அடிவாரத்தில் சாலையோரக் கோயில் ஒன்றைப் பேருந்து கடந்தபோது, வழக்கம்போல் என் கை தானாக எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெறுப்பு என்று முடிவு கட்டினேன். மலை உச்சி வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏரிக்கரையில் மிளகாய்ப் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தபோது ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப் போனார். "எங்க வீட்டில யாராவது ஜெபம் பண்ணினா அவங்க முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு பழக்கியிருக்காங்க. அதான் திரும்பிக்கிட்டேன்." அவர் மரியாதை என்று நினைத்துச் செய்ததை நான் அவமதிப்பு என்று நினைத்து இருபது வளைவுகளைக் கடந்திருக்கிறேன். அன்றிலிருந்து, புண்பட்டதாகத் தோன்றினால் அன்றைக்கே, "அப்போது ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டுவிடுவது என்பதை நாங்கள் இருவரும் வழக்கமாக்கிக்கொண்டோம்.

வாசலில் நிற்பவரும் உள்ளே போகிறவரும்

பேச்சு ஓரளவு முடிந்த பிறகு, ஒருவர் வழிபடும் இடத்துக்கு மற்றவர் ஒருமுறையாவது போய்வருவது நல்லது. போவதற்கு முன் மூன்று செய்திகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: உள்ளே வருவாரா, வந்தால் என்ன செய்ய வேண்டாம், கொடுப்பதை வாங்கிக்கொள்வாரா.

மூன்றாவதில்தான் சிக்கல் மிகுதி. சேர்வராயன் மலை உச்சியில், சேர்வராயனும் காவேரியம்மனும் குடிகொண்டிருக்கும் குகைக்கோயிலுக்குள் குனிந்துதான் போக வேண்டும். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம் அது. மே மாதத் திருவிழாவில் அவர்கள் ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள். நான் உள்ளே போனேன். அவர் என் செருப்பையும் கைப்பையையும் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றார். வெளியே வந்தபோது என் உள்ளங்கையில் குங்குமமும் ஒரு வாழைப்பழத் துண்டும் இருந்தன. கொடுத்தால் மறுப்பாரோ, கொடுக்காவிட்டால் ஒதுக்கினேன் என்று நினைப்பாரோ என்று அந்த நான்கு அடி தூரத்தில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று கருதும் கிறிஸ்தவக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் நிறைய உண்டு. "பிரசாதம்தானே" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. முன்கூட்டியே ஒரு வரியில் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அவர் பதில், தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காக: பழம் வேண்டாம், ஆனால் செருப்பை எப்போதும் பிடித்துக்கொள்கிறேன்.

மறுபக்கத்திலும் இதே கவனம் தேவை. சேலத்தின் நான்கு ரோடு பகுதியில் உள்ள குழந்தை இயேசு பேராலயத்துக்கோ வேறு கத்தோலிக்கக் கோயிலுக்கோ திருப்பலிக்குப் போனால், எல்லோரும் எழுந்து வரிசையில் போகிறார்களே என்று நீங்களும் போய் நற்கருணைக்குக் கை நீட்டாதீர்கள். அது கத்தோலிக்கருக்கு உரியது, நீங்கள் இருக்கையிலேயே அமர்ந்திருப்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. பள்ளிவாசலுக்குப் போக வேண்டுமென்றால், யார் எந்தப் பகுதி வரை போகலாம் என்பதை உங்களை அழைத்துப் போகிறவரிடமே முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பக்ரீத் பிரியாணிதான் முதல் அறிமுகமாக இருக்கும். நீங்கள் மாட்டிறைச்சி உண்பவரா என்பதையும் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், தட்டுக்கு முன் உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள்.

ஒரே பெயர், பல வீடுகள்

'கிறிஸ்தவர்' என்று கேட்டதும் ஒரே படத்தை மனத்தில் வரையாதீர்கள். பூவும் பொட்டும் தாலியுமாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பமும், நகையே அணியாத பெந்தெகொஸ்தே குடும்பமும் ஒரே தெருவில் இருக்கலாம். 'இந்து' என்பதும் அப்படித்தான்; கிடா வெட்டுபவரும் வெங்காயம் சேர்க்காதவரும் அதே பெயருக்குள் இருக்கிறார்கள்.

நம்பிக்கையில்லாதவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீதிக் கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்டில், இதே சேலத்து மாநாட்டில். ஆகவே தாத்தா காலத்திலிருந்தே சாமி கும்பிடாத குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களிடம் "பரவாயில்லை, கல்யாணமானால் மாறிவிடுவீர்கள்" என்று சொல்வது, பக்தரிடம் "மூடநம்பிக்கையை விட்டுவிடுவீர்கள்" என்று சொல்வதற்கு ஒப்பானது. அவர்களுக்கும் கைவிட முடியாதவை உண்டு: ராகு காலம் பார்க்க மாட்டார்கள், ஜாதகம் கொடுக்க மாட்டார்கள். உங்கள் அம்மா முதலில் கேட்கப்போவது ஜாதகத்தைத்தான் என்பதால், இந்தப் பேச்சை ஒத்திப்போட முடியாது.

இன்னொரு நுணுக்கம். சிலருடைய சான்றிதழில் உள்ள மதமும் வீட்டில் உள்ள மதமும் வேறாக இருக்கும். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவத்துக்கு மாறியவர் அந்தத் தகுதியை இழக்கிறார், தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்கிறார். இதனால் ஒரு குடும்பத்தின் படிப்பும் வேலையும் எந்த அளவுக்குப் பாதிக்கப்படும் என்று உணர்ந்தவர் அதைப் பற்றித் துருவிக் கேட்க மாட்டார். அவர் தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நண்பர்களிடம் சொல்லாதீர்கள்.

மதம் மாற வேண்டுமா என்ற கேள்வி

இது சங்கடமான கேள்வி. ஆனால், "உங்கள் வீட்டில் யாராவது என்னை மாறச் சொல்வார்களா? சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். முதல் பகுதிக்கு "ஆம்" என்ற பதில் வருவது இயல்பு. இரண்டாவது பகுதிக்கு "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருந்தால் இந்தப் பேச்சில் தேவையற்ற அச்சம் குறையும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, இருவரும் தத்தம் மதத்திலேயே இருந்துகொண்டு மணந்துகொள்ளலாம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அறிவிப்புக் கொடுக்கும் மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். திருமண அதிகாரியிடம் கொடுக்கும் அறிவிப்பு அவர் அலுவலகத்தில் ஒட்டப்பட்டு 30 நாள் ஆன பிறகே, மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம் நடக்கும். ஒருவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அறிவிப்பின் நகல் அங்கேயும் போகும். வீட்டுக்குத் தெரியாமல் நடத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும். இந்துவும் இந்து அல்லாதவரும் இவ்வாறு மணந்தால், வாரிசுரிமைக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். கூட்டுக் குடும்பச் சொத்து உள்ளவர்கள் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுவது நல்லது.

சுயமரியாதைத் திருமணம் எல்லாவற்றுக்கும் தீர்வு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் அந்த முறை, இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7ஏ பிரிவால் செல்லுபடியாகிறது. ஆகவே அது சட்டத்தின் கண்ணில் இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். பக்தையும் நாத்திகரும் ஒரே மேடையில் நிற்க அது அருமையான வழி. இந்துவுக்கும் இஸ்லாமியருக்கும் அது உதவாது.

கத்தோலிக்கரோடு பழகுபவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டியது: கோயிலில் திருமணம் செய்ய மற்றவர் மதம் மாற வேண்டிய கட்டாயம் இல்லை, ஆயரின் சிறப்பு அனுமதி வேண்டும். அதற்காகக் கத்தோலிக்கத் துணை, பிறக்கும் குழந்தைகளுக்குத் தம் திருச்சபையில் திருமுழுக்குக் கொடுக்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாக வாக்களிக்க வேண்டும். அந்த வாக்குறுதி மற்றவருக்கும் தெரிவிக்கப்படும். இஸ்லாமியக் குடும்பங்களில் நிக்காஹ் நடக்க வேண்டுமானால் மற்றவர் இஸ்லாத்தை ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வழக்கம். குழந்தையைப் பற்றிய பேச்சு நான்காவது சந்திப்பில் சிரிப்பாகத் தோன்றும். சிரித்துக்கொண்டே பேசிவிடுங்கள்: காதுகுத்தா, ஞானஸ்நானமா, பெயர் யார் வைப்பது, பெயரை வைத்து மதம் தெரிய வேண்டுமா வேண்டாமா. என் தோழி ஒருத்தியின் திருமணப் பேச்சு வேறு எல்லாவற்றையும் தாண்டி வந்து, பிறக்காத குழந்தைக்கு எந்தக் குலதெய்வத்தின் வாசலில் மொட்டை போடுவது என்பதில் நின்றுபோனது. இத்தனைக்கும் இருவரும் ஒரே மதம்.

ஒத்துவராது என்று தெரிந்தால்

சில வேறுபாடுகளோடு வாழலாம். தினம் பூசை செய்பவரும் விளக்கே ஏற்றாதவரும் ஒரே வீட்டில் இருப்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன், அந்த வீடு என்னுடையது. ஆனால் நீங்கள் வணங்குவதைப் பேய் என்று மனமார நம்புகிறவரோடும், உங்கள் நம்பிக்கையின்மையைத் திருத்த வேண்டிய நோயாகக் கருதுகிறவரோடும் அன்பு மட்டுமே போதும் என்று நினைத்துத் தொடர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படித் தெரிந்தால், அவருடைய மதத்தைக் குறை சொல்லாமல், உங்களைப் பற்றி மட்டும் சொல்லி விலகுங்கள்: "எனக்கு வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருக்க முடியாது, அது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரிகிறது." விவாதத்துக்கு இழுத்தாலும் அதே வரியைத் திரும்பச் சொன்னால் போதும்.

இதை ஏற்காட்டில் வைத்துச் சொல்வதாக இருந்தால், கீழே இறங்கும் பேருந்தின் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பேருந்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில், இருபது வளைவுகளையும் இருவருமாக மறுபடியும் இறங்க வேண்டியிருக்கும்.